தனி ஆளாக ஒரு துடுப்பு



ஆடி பிறந்துவிட்டால் நம் இதழின் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். பாலக்கோட்டுத் தக்காளி விலை பின்னுக்குப் போகும். பிலிகுண்டுலுவில் காவிரி எத்தனை ஆயிரம் கன அடி, ஒகேனக்கல்லில் பரிசல் விடுகிறார்களா, பதினெட்டாம் பெருக்கன்று குளிக்க விடுவார்களா என்கிற கேள்விகள் முன்னுக்கு வரும். இந்த முறை அந்தக் கட்டுக்குள் ஒரு கடிதம் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலைப் பக்கத்துத் தம்பி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். விடுமுறை நாட்களில் தாய்மாமனுக்கு ஒத்தாசையாகப் பரிசல் துறையில் நிற்பாராம். மாமல்லபுரம் பக்கத்துக் கோவளம் கடலில் ஆளுக்கொரு நீளப் பலகையில் நின்றபடி துடுப்பு போட்டுப் பந்தயம் போகிற வீடியோவை யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை என்று எழுதிவிட்டு, கடைசியில் கேட்டிருந்தார்: "நம்ம மாவட்டத்துல கடலே கெடையாதுங்க சார். நான் போய் அங்க கலந்துக்கிட்டா சிரிக்க மாட்டாங்களா?"

கலந்துகொள்ளலாம் தம்பி. கொஞ்சம் சிரிக்கவும் செய்வார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தபாலில் பதில் போட்டு முடிக்கிற சங்கதியாக இது தெரியவில்லை. அதனால் இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுக்க உனக்குத்தான். மற்ற வாசகர்கள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வரட்டும்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி. 'ஸ்டாண்ட் அப் பேடலிங்' என்பார்கள். பந்தயத்துக்கென்று செய்யும் பலகை பதினாலு அடி நீளம் வரை இருக்கும். அகலமோ இரண்டடிதான், முன்னே பின்னே இருக்கலாம். நிற்கிற ஆளின் தலைக்கு மேல் ஒரு சாண் உயர்ந்து நிற்கும் ஒற்றைத் துடுப்பு. கணுக்காலில் ஒரு வார் கட்டி, அதன் மறுமுனையைப் பலகையோடு இணைத்திருப்பார்கள். இருநூறு மீட்டர் விரட்டோட்டம், மிதவைகளைச் சுற்றிச் சுற்றி வரும் ஓட்டம், பல கிலோமீட்டர் போகும் நெடுந்தூர ஓட்டம் என்று மூன்று வகை. எல்லாமே தனி ஆள் பந்தயம்தான்.

இது வெளிநாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதே. நம் கரையில் இதைப் பிடித்துக்கொண்டவர்களில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் முதலில் தானாக அலைச்சறுக்கு பழகினார். பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 2012-ல் அருண் வாசு என்கிற தொழிலதிபரோடு சேர்ந்து அதையே ஒரு பள்ளியாக்கினார். அடுத்த வருடமே அங்கே அலைத் திருவிழா தொடங்கிவிட்டது. நின்று துடுப்பு போடுவதில் தமிழ்நாட்டுச் சேகர் பச்சை தேசியப் போட்டிகளில் பல முறை முதலிடம் பிடித்திருக்கிறார். பெண்களில் கர்நாடகத்து முல்கியைச் சேர்ந்த தன்வி ஜகதீஷ் 2016-ல் ஃபிஜித் தீவில் நடந்த உலகப் போட்டி வரைக்கும் போனவர். இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்: 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் ரமேஷ் புதிஹாள் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் இந்தியர் ஒருவர் தனி ஆளாக வாங்கிய முதல் பதக்கம் அது. அவர் அலை வகையறா, துடுப்பு வகையறா இல்லை. ஆனாலும் கரை ஒன்றுதான், அங்கே சுற்றித் திரிகிற பிள்ளைகளும் அதே பிள்ளைகள்தான்.

அவர்கள் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவர்கள், நாம் அப்படி இல்லையே என்பாய். சரிதான். உன் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பரிசலை நீ தினமும் பார்ப்பதால் அது எவ்வளவு முரண்டு பிடிக்கிற வண்டி என்பது உனக்கே மறந்திருக்கும். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. தண்ணீரைக் கிழிக்க மூக்கு கிடையாது. நேராகப் பிடித்து நிறுத்த அடியில் கட்டையும் கிடையாது. மூங்கில் பிளாச்சைப் பின்னி, அந்தக் காலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தார் பூசுகிறார்கள். பழக்கமில்லாதவன் ஏறித் துடுப்பு போட்டால் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றும். இது இன்று நேற்றைய சங்கதி இல்லை. 1520-களில் விஜயநகரம் வந்த டொமிங்கோ பயஸ் என்கிற போர்த்துக்கீசியர், தோல் போர்த்திய கூடைப் படகுகளில் பதினைந்து இருபது பேர் ஆற்றைக் கடப்பதைப் பார்த்து எழுதியிருக்கிறார். மற்ற படகு மாதிரி இது நேராகப் போகாது, சுற்றிக்கொண்டேதான் போகும் என்பதையும் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறார். ஐந்நூறு வருடமாக அப்படித்தான் சுற்றுகிறது.

அதை நேராக ஓட்டுகிறவர் உன் மாமா. எப்படி ஓட்டுகிறார் என்று ஒரு நாள் கரையில் நின்று பார். முன்விளிம்பில் குந்துகிறார். துடுப்பை எட்டி முன்னால் ஊன்றுகிறார். அலகு முழுக்கத் தண்ணீருக்குள் போன பிறகுதான் இழுக்கிறார். பாதி முங்கிய துடுப்பை இழுத்தால் சத்தமும் சாரலும் வருமே தவிர பரிசல் நகராது. வலது ஓரத்தில் ஒன்று, இடது ஓரத்தில் ஒன்று, நடுவில் மணிக்கட்டை லேசாகத் திருப்பிக் கோணலைச் சரி செய்ய ஒன்று. பரிசலைப் பின்னாலிருந்து தள்ளுவது என்பதே அவர் கணக்கில் இல்லை. முன்னால் இருக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, தன்னையும் பரிசலையும் அந்த இடத்துக்கு இழுத்துக்கொள்கிறார். கடலில் பலகைமேல் நிற்கிறவருக்குப் பயிற்சியாளர் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். எட்டி ஊன்று, அலகை முழுக்க முக்கு, பிறகு துடுப்பு நின்ற இடத்துக்கு உன் உடம்பைக் கொண்டு போ, பாதத்தைத் தாண்டுவதற்குள் வெளியே எடு. நகரத்துப் பிள்ளைகளுக்கு இது கைவர மாதக் கணக்காகும், ஏனென்றால் அவர்கள் பின்னால் தள்ளிப் பழகியவர்கள். உன் தோளுக்கு இது ஏற்கெனவே தெரியும்.

தண்ணீரைப் படிக்கவும் உனக்குத் தெரியும். எந்தப் பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்துச் சுழலும், மேலே வழவழவென்று தெரிகிற இடத்தில் அடியில் என்ன கிடக்கும், அருவி விழுந்து நுரைத்த தண்ணீரில் பரிசல் ஏன் கொஞ்சம் அமுங்குகிறது என்பதெல்லாம் புத்தகத்தில் படித்து வருவதில்லை. மிதவையைச் சுற்றித் திரும்புகிற இடத்தில்தான் பல பேர் பந்தயத்தைக் கோட்டைவிடுவார்கள். திரும்புவதைப் பற்றி ஒரு பரிசல்காரனுக்கு நான் சொல்லவே வேண்டாம். திரும்பாமல் இருப்பதுதான் உனக்குச் சிரமமாக இருக்கும்.

இனி உன்னிடம் இல்லாதவை. இங்கேதான் சிரிப்பார்கள் என்று சொன்னேன்.

முதலாவது கரையலை. ஆற்றில் நீ கரையிலிருந்து ஒரு காலை எடுத்து வைத்தால் பரிசலுக்குள் இருப்பாய். கடலில் கரைக்கும் ஆழத்துக்கும் நடுவில் அலை உடைகிற ஒரு பட்டை இருக்கிறது. அதைத் தாண்டுவதற்குள் நாலு தடவை கவிழ்ந்து வாயெல்லாம் உப்பும் மணலுமாக எழுந்திருப்பாய். கடல்காரர்கள் அவசரப்பட மாட்டார்கள். அலைகள் கூட்டமாக வரும். பெரியவை சில வந்து போனதும் கொஞ்சம் அமரும். அந்த இடைவெளிக்குக் காத்திருந்து, பலகையைத் தள்ளிக்கொண்டு ஓடி ஏறுவார்கள். இதில் ஒன்றை மட்டும் மனத்தில் வை: வருகிற அலைக்கும் உன் நெஞ்சுக்கும் நடுவில் பலகை குறுக்காக இருக்கக் கூடாது. பக்கவாட்டில் பிடி. அலை பலகையைத் தூக்கி உன் மேலேயே எறிந்துவிடும், பல் போகும்.

இரண்டாவது காற்று. ஒகேனக்கல் பள்ளத்தில் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓட்டுகிற உனக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. கடலில் அதுதான் முதலாளி. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்து மீனவர்கள் அதோடு பேசிப் பழகியிருக்கிறார்கள். நின்றுகொண்டு துடுப்பு போடுகிறவரின் உடம்பே பாய் மாதிரி காற்றை வாங்கும். எதிர்க்காற்றென்றால் பத்து வீச்சில் போகிற தூரத்துக்கு இருபது வேண்டும். பக்கக்காற்றென்றால் ஒரே பக்கத்தில் போட்டுப் போட்டு அந்தத் தோள் செத்துப்போகும். முட்டி போட்டுக் குனிந்துகொள்ளலாமே என்றால் பந்தயத்தில் விட மாட்டார்கள். விழுந்து எழும்போது சில வீச்சுக்கு மட்டும்தான் அனுமதி. பொதுவாக விடிந்ததும் கடல் அமைதியாக இருக்கும், வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பும். காலையிலேயே பந்தயத்தைத் தொடங்கிவிடுவது அதனால்தான். முன்னால் போகிறவரின் பலகைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது ஒரு தந்திரம். தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் ஒதுங்கிப் பைக் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கிற சுகம் அதில் உண்டு. லாரிக்காரர் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்பதும் அப்படியே பொருந்தும்.

மூன்றாவதை அழுத்தியே சொல்கிறேன், கடற்கரையில் கற்றதை ஊருக்குக் கொண்டுவந்து யாரும் விபரீதம் பண்ணிவிடக் கூடாது. கடலில் காலில் கட்டும் வார் உயிர். பலகை கையை விட்டுப் போனால் காற்று அதை நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் கொண்டுபோய்விடும். பாறை நிறைந்த ஓடும் ஆற்றில் அதே வார் எமன். பாறை இடுக்கில் சிக்கினால், வெள்ளம் ஆளை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும், குனிந்து கழற்றக் கை எட்டாது. ஆற்றுக்கு இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுகொள்கிற வார் தனியாக இருக்கிறது. கோவளத்தில் வாங்கிய பலகையை அப்படியே கொண்டுவந்து ஒகேனக்கல் கோத்திக்கல்லில் இறக்கிவிடாதே.

இவை எல்லாமே பழகினால் வந்துவிடும். ஒன்று மட்டும் சுலபத்தில் வராது. அது தனியாக இருப்பது.

பரிசலில் நீ தனியாக இருந்ததே இல்லை என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறாயா? எப்போதும் நாலைந்து பேர் எதிரில் இருப்பார்கள். ஒரு பாட்டி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காவேரித் தாயைக் கூப்பிடுவார். புது மாப்பிள்ளை செல்போனை நீட்டிக்கொண்டு எழுந்து நிற்பார். சின்னக் குழந்தை பக்கவாட்டில் தண்ணீரில் கை விடும். உன் மாமாவின் வேலையில் பாதி துடுப்பில் இல்லை, வாயில் இருக்கிறது. "அம்மா, நடுவுல நகந்து உக்காருங்க. அண்ணே, எந்திரிக்காதீங்க. பாப்பா கையைப் பிடிங்க அக்கா. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல?" என்று பேசிக்கொண்டே வருவார். அவர்களை மிரட்டாத மாதிரி ஒரு சுற்று சுற்றிக் காட்டி, சிரிக்க வைத்து, அருவிச் சாரலில் நனைத்து, கரையில் இறக்கிவிடுவார். அவருக்கும் உள்ளே பயம் இருக்கும். 2024 ஜூலை, ஆகஸ்டில் லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போனதே, அந்தத் தண்ணீரைப் பார்த்த எந்தப் பரிசல்காரருக்குப் பயம் இல்லை? ஆனால் அடுத்தவருக்குத் தைரியம் சொல்லிச் சொல்லியே தன் பயத்தைப் பக்கத்தில் அண்டவிடாத தொழில் அது.

பலகைமேல் நின்று கரையலையைத் தாண்டிப் போய்விட்டால் அங்கே பாட்டியும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. உன்னோடு கிளம்பியவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோய், தலைகள் மட்டும் அலைக்கு மேல் தெரிந்து மறையும். கூட்டத்தின் சத்தம் கரையோடு நின்றுவிடும். பாதம் மரத்துப்போகும். உப்பு பட்டுக் கைக் கொப்புளம் எரியும். "ஒண்ணும் ஆகாது" என்று சொல்ல எதிரில் ஆள் இல்லாதபோதுதான், இத்தனை நாளும் அதை யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது தெரியும். பலசாலிகள் பாதியில் திரும்பிவிடுவதும், ஒல்லிக்குச்சியான ஒரு பெண் நிதானமாக முழுத் தூரத்தையும் முடிப்பதும் நெடுந்தூரப் பந்தயங்களில் சாதாரணமாக நடப்பது. கையில் பலம் தீர்வதற்கு முன்னால் மனம் பேச்சுத்துணை தேட ஆரம்பித்துவிடுகிறது.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. அனுபவசாலிகள் துடுப்பு வீச்சை எண்ணுவார்கள். இத்தனை வலப்பக்கம், இத்தனை இடப்பக்கம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் மனம் அதிலேயே கட்டுண்டு கிடக்கும். கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பது மீனவர்களின் பழைய வழக்கம். முன்னால் ஒரு பனை, பின்னால் ஒரு கோபுரம் என்று வைத்துக்கொள். இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலக ஆரம்பித்தால் நீரோட்டம் உன்னைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பவர்களை இந்தச் சின்ன வேலை காப்பாற்றும். இன்னொன்றும் நடக்கும். எதிரில் ஆள் இல்லாததால் நீ முதல்முறையாக உனக்காக மட்டும் துடுப்பு போடுவாய். அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது தம்பி. அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை, போய்ப் பார்.

கடல் இல்லாத ஊரில் பிறந்தவன் என்கிற கூச்சத்தைப் பொறுத்தவரை, காவிரிக்கரை ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரனை நினைத்துக்கொள். 1994-ல், சிறுவனாக இருக்கும்போதே, ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்திக் கடந்த பையன். ஈரோட்டிலும் கடல் இல்லை.

ஆரம்பத்திலேயே பெரிய போட்டிக்கு ஆசைப்படாதே. ஹவாயில் மொலோகாய் தீவிலிருந்து ஓஹூ தீவுக்கு ஒரு பந்தயம் இருக்கிறது. 32 மைல், அதாவது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், நடுக்கடல். 1997-லிருந்து நடக்கிறது. தனி ஆளாகப் போகிறவரோடு ஒரு துணைப்படகு கூடவே வந்தாக வேண்டும் என்பது அங்கே விதி. துடுப்புக்காரர்களுக்கு அது காசி, ராமேஸ்வரம் எல்லாம். அதை வீடியோவில் பார். கலந்துகொள்வதற்கு உள்ளூர்ப் போட்டிதான் சரி. உள்ளூர்ப் போட்டியில் ஒரு மரியாதை இருக்கிறது. முதலில் வந்தவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு கரையிலேயே நிற்பார், கடைசி ஆள் வரும்வரை போக மாட்டார். கடைசி ஆளுக்குத்தான் கைதட்டலும் அதிகம். அப்போது சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். அதில் விஷம் கிடையாது.

இதை எழுதிக்கொண்டே வரும்போது எனக்கு ஒரு பொறாமை வந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோழிக்கோடு மாவட்டத்தில் கோடஞ்சேரி என்று ஒரு மலையடிவார ஊர். நம் பென்னாகரத்தைவிடப் பெரிய ஊர் என்று சொல்ல முடியாது. அங்கே சாலிப்புழையிலும் இருவஞ்சிப்புழையிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி வெள்ளம் பாயும் நாட்களில், 2013-லிருந்து மலபார் ஆற்றுத் திருவிழா என்று ஒன்று நடத்துகிறார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து கயாக் ஓட்டிகள் தனித்தனிப் படகோடு வந்து இறங்குகிறார்கள். ஜெயித்தவருக்கு 'ரேப்பிட் ராஜா', 'ரேப்பிட் ராணி' என்று பட்டம். அதே மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி, அந்தத் தண்ணீர் நம் ஒகேனக்கல்லுக்கு வரும்போது இங்கே என்ன நடக்கிறது? பரிசல் இயக்கத் தடை என்று ஓர் அறிவிப்பு. பரிசல்களைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஓட்டிகள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். தடை போட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. பரிசல் கவிழ்ந்து குடும்பம் குடும்பமாகப் போன செய்திகளைப் பார்த்தவர்கள் நாம். சுற்றுலா வந்தவரை அந்தத் தண்ணீரில் ஏற்றக் கூடாது, சரி. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் துடுப்பு பிடித்த கைகளின் திறமையை எங்கேயாவது, எப்போதாவது, யாராவது அளந்து பார்த்திருக்கிறோமா? ஒரு சவாரிக்கு எவ்வளவு என்கிற அளவு தவிர வேறு அளவே அவர்களுக்கு இல்லை.

இன்னொரு ஊரைச் சொல்கிறேன். பிரிட்டனில் வேல்ஸ் நாட்டில் கில்கெரன் என்கிற சின்னக் கிராமம். தைவி ஆற்றங்கரையில் இருக்கிறது. அவர்களிடமும் பரிசல் உண்டு. நம்முடையதைவிடச் சின்னது, ஒரே ஆள் உட்காரக்கூடியது. மீன் பிடித்துவிட்டு அதை முதுகில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். மீன்பிடித் தொழில் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் 1950-ல் தொடங்கிய பரிசல் பந்தயத்தை அந்தக் கிராமம் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு அருவி கிடையாது, ஆடிப்பெருக்கு கிடையாது, நம் ஊர் மீன் வறுவலும் கிடையாது.

அப்படியொரு பரிசல் பந்தயத்தை நாம் எங்கே நடத்தலாம்? ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே வேண்டாம். அது சவாரிக்கான இடம், பந்தயத்துக்கானது இல்லை. கீழே வா. ஒட்டனூர், நாகமறை. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் தண்ணீர் நம் மாவட்ட எல்லைக்குள் வந்து பரந்து நிற்கும் இடம். அணை 120 அடியைத் தொடும் நாட்களில் அங்கே நின்று பார்த்தால், கடல் பார்க்காத நமக்கு அதுவே கடல்தான். இந்தக் கரையிலிருந்து சேலம் மாவட்டத்துக் கோட்டையூருக்கும் பண்ணவாடிக்கும் படகில் போய்வருவது ஜனங்களின் அன்றாட வாழ்க்கை. பரிசலில் மீன் பிடிக்கிற குடும்பங்களும் அங்கே இருக்கின்றன. வலை விடும் கணவருக்குத் துடுப்பு பிடித்துக் கொடுக்கும் பெண்களை அந்தப் பக்கம் நானே பார்த்திருக்கிறேன். பந்தயம் வைத்தால் பெண்கள் பிரிவில் யார் ஜெயிப்பார் என்று எனக்கு இப்போதே ஒரு கணிப்பு உண்டு. அந்த அம்மாவின் பெயரைப் போட்டால் எதிராளிகள் உஷாராகிவிடுவார்கள்.

தண்ணீர் எழுபது அடிக்குக் கீழே இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். அந்த நந்தியைச் சுற்றி வருவதுதான் பந்தயம் என்று வைத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். நீர்வளத் துறைக்காரர்களும் பக்தர்களும் சேர்ந்து என்னைத் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள் என்று பிறகு தோன்றியது. மிதவை போதும்.

ஒரு பரிசலுக்கு ஒரே ஆள். பயணி கிடையாது. உயிர்காப்பு உடை இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இரண்டு மோட்டார் படகு காவலுக்கு வேண்டும். காற்று எழுவதற்கு முன் காலையிலேயே முடித்துவிட வேண்டும். இவ்வளவுதான் தேவை. ஒகேனக்கல் துறைக்காரர்களும் நாகமறை மீனவர்களும் ஒரே கோட்டில் நின்று கிளம்பினால், ஓடும் தண்ணீரில் பழகிய கை ஜெயிக்குமா, நின்ற தண்ணீரில் பழகிய கை ஜெயிக்குமா என்பது அன்று தெரிந்துவிடும். எனக்கு இதில் எந்தப் பக்கமும் சாய்வு இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஆகவே ஏரியூர், நெருப்பூர், நாகமறை, ஒட்டனூர் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கம் எந்த மாதத்தில் தண்ணீர் தோதாக நிற்கிறது, காலையில் காற்று எத்தனை மணிக்கு எழுகிறது, எந்த இடத்தில் அடியில் மரக்கட்டையும் பழைய சுவரும் கிடக்கின்றன, இதற்கு முன் திருவிழாக்களில் யாராவது பரிசல் பந்தயம் வைத்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எழுதுங்கள். வீட்டில் பழைய தோல் பரிசலின் புகைப்படம் இருந்தால் அனுப்புங்கள், பத்திரமாகத் திருப்பித் தருவோம். வந்த விவரங்களை ஒன்றாகத் தொகுத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும் பொறுப்பை நம் இதழ் ஏற்றுக்கொள்ளும்.

ஊட்டமலைத் தம்பிக்கு இன்னும் நாலு வார்த்தை. முதலில் உயிர்காப்பு உடை போடாமல் அரை மணி நேரம் மூச்சிரைக்காமல் நீந்த முடிகிறதா என்று உன் மாமா முன்னால் நீந்திக் காட்டு. ஓடும் தண்ணீரில் வேண்டாம், நின்ற தண்ணீரில் போதும். வீட்டில் சொல்லாமல் கிளம்பாதே. பலகை வாங்குகிற யோசனையே இப்போது வேண்டாம். பந்தயப் பலகை ஒன்றின் விலை லட்சத்தைத் தாண்டும், கற்றுக்கொடுக்கிற இடங்களில் வாடகைக்குக் கிடைக்கும். முதல் தடவை போட்டியில் சேராமல் கரையில் நின்று பார்த்துவிட்டு வா. யார் யார் எப்படிக் கரையலையைத் தாண்டுகிறார்கள் என்பதை மட்டும் பார். இரண்டாம் தடவை பெயர் கொடு. இங்கிருந்து கோவளம் சுமார் முந்நூறு கிலோமீட்டர், ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலையில் கடலில் நிற்கலாம். போய்வருகிற பஸ் செலவை இதழ் பார்த்துக்கொள்ளும். பதிலுக்கு நீ எங்களுக்கு எழுதித் தர வேண்டும். முதலில் வந்தால் ஒரு பக்கம் போதும். கடைசியில் வந்தால் கடலில் எல்லாரையும்விட அதிக நேரம் இருந்திருப்பாய், நாலு பக்கத்துக்குக் குறையாமல் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்